மூடியில் இருந்த ஓட்டை

மச்சான்,

லண்டன் செவன் கிங்ஸில் உன் வீட்டு ஷெட்டைத் திறந்ததும் பழைய பெற்றோல் மணம் முகத்தில் அடித்தது. நீ போய்ச் சேர்ந்து இருபத்தைந்து நாள். "அண்ணை, இந்தச் சனியனை எங்கயாவது கொண்டுபோய்ப் போடுங்கோ" என்று உன் மனிசி காட்டிய மூலையில் உன் ஸ்னோ புளோவர் போர்வை போர்த்துக்கொண்டு நின்றது. போர்வை! அதுக்குக் குளிருமாம்.

உன்னைப்போல ஒரு விசரனை நான் கண்டதில்லை. ஒஸ்லோவை விட்டு நாங்கள் லண்டனுக்கு வந்தபோது சனம் சோபாவும் டிவியும் ஏற்றியது. நீ யாரோ பாவித்த பனி தள்ளும் மெசின் ஒன்றை வாங்கி வானில் ஏற்றினாய். "லண்டன்காரனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? இருந்து பார்" என்றாய். இருந்து பார்த்தேன். மூன்று வருசம் மழைதான் பெய்தது.

நாலாம் வருசம் கணுக்கால் அளவு பனி. கையுறையும் தொப்பியுமாக, மாப்பிள்ளை மாதிரி மெசினை வீதிக்குத் தள்ளி வந்தாய். கயிற்றை இழுத்தாய், ஓடியது. அரை வாசல் தள்ளியதும் இருமிக்கொண்டு நின்றது. மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று பார்த்தாய், பிளக்கை மாற்றினாய். ஓடியது. "பாத்தியே?" என்றாய். நின்றது. மறுபடி மூடியைத் திறந்து பார்த்தாய், காபரேட்டரைத் துடைத்தாய். ஓடியது, நின்றது. அக்கம்பக்கத்தார் சவளால் பனியை அள்ளித் தங்கள் வாசலை முடித்துவிட்டுத் தேத்தண்ணியோடு வேடிக்கை பார்த்தார்கள்.

"அதுக்கு மூச்சு முட்டுது மச்சான். எங்கயோ காத்துப் போகேல்லை. ஒருக்கா வந்து பாரன்" என்றாய்.

"மெசினுக்கும் தொய்வு இழுக்குதோ?" என்று நான் கத்த, வீதியே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் அந்தக் கதையைச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். நானும் மெசின் மாதிரி இருமிக் காட்டுவேன். நீ தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாய். கடைசியில் கலியாண வீடுகளுக்கு வருவதையே விட்டாய்.

இன்று, எறிவதற்கு முன் பெற்றோலை வடிக்க மூடியைத் திருகினேன். அதன் நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியே காற்று போனால்தான் பெற்றோல் இறங்கும். உன் மூடியில் அது கறுப்புப் பசையால் அடைபட்டிருந்தது.

அந்தப் பசையை எனக்குத் தெரியும். ஒஸ்லோவிலிருந்து வரும் வழியில் கப்பலுக்கு வான் காத்து நின்றபோது மெசினின் பெற்றோல் மணம் எனக்குத் தாங்க முடியவில்லை. நீ தேத்தண்ணி வாங்கப் போன நேரம், ஜன்னல் ரப்பர் ஒட்ட வைத்திருந்த பசையை அந்த ஓட்டையில் நான்தான் பூசினேன். பிறகு மறந்தே போனேன். நீ மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று போனது. அதனால்தான் கொஞ்சம் ஓடியது.

ஊசியால் குத்தி, புதுப் பெற்றோல் விட்டு இழுத்தேன். வருசா வருசம் நீ கழுவித் துடைத்த மெசின், பெற்றோல் முடியும்வரை வெயிலில் நிற்காமல் ஓடியது. உன் மனிசி குசினி வாசலுக்கு வந்தாள்.

"ஓடுதே அண்ணை! அப்ப என்ன பிழை?"

"பழசெல்லோ" என்றேன். தூ! நானும் ஒரு மனிசன்.

ஞாயிற்றுக்கிழமை உன் முப்பத்தொன்றாம் நாள் கிரியை. சாப்பாட்டில் யாராவது அந்தக் கதையைக் கேட்பான். மூடி என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்து, அடைத்தவன் யாரென்று உன் மனிசிக்கு முன்னால் சொல்லப்போகிறேன். லண்டனுக்கு ஸ்னோ புளோவர் கொண்டுவந்த நீ விசரன்தான், அதில் ஒரு சொல்லும் வாபஸ் இல்லை. ஆனால் மூச்சு முட்டுது என்று நீ சொன்னது சரி, மச்சான்.