உள்ளே ஆட்கள்: 0

ஆகஸ்ட் 14, வெள்ளி. பகல் 2.10
உள்ளே ஆட்கள்: 1. உயிருள்ள இரை: 0.

கண்ணாடிக் கூடாரத்துக் குளத்து நீரின் அமிலத்தன்மை 4.8. வெப்பம் 31. பூச்சி தின்னும் செடியின் குடுவைகள் 212, இன்று திறந்தவை ஆறு. மழைநீர்த் தொட்டியிலிருந்து நாற்பது லிட்டர் விட்டேன். போர் தண்ணீர் கலந்தால் குடுவைச் செடி கருகிவிடும். இந்தப் பங்களாவில் வேலையாட்கள் குடிப்பது அந்த உப்புத் தண்ணீரைத்தான்.

மேலே உள்ள வரியை நான் எழுதும் இந்தக் கைத்திரை, குறிப்புப் பலகை, தானாகப் போட்டுக்கொள்கிறது. அந்த ஒன்று நான் இல்லை. சூப்பர்வைசர் தயாளன் அண்ணன். ஹெல்பர்களுக்குக் கார்டு கிடையாது. அவர் கார்டைத் தேய்ப்பார், நாங்கள் பின்னால் நுழைவோம். கார்டு கொடுத்தால் ஆள் என்று கணக்கில் வருவோம். ஆள் என்று வந்தால் விடுப்பு, காப்பீடு எல்லாம் கொடுக்கவேண்டும்.

என் பெயர் பொற்கலை. தாவரவியல் பட்டம். பதவி: ஹெல்பர்.

ஆகஸ்ட் 14, வெள்ளி. மாலை 5.25
உள்ளே ஆட்கள்: 0. உயிருள்ள இரை: 0.

குளத்தின் நடுவில், இடுப்பளவு நீரில், கழிமண் தோண்டிக்கொண்டிருந்தேன். ஏறி வந்தபோது தயாளன் அண்ணன் இல்லை. நான் முன்பே கிளம்பிவிட்டேன் என்று நினைத்திருப்பார். அவர் கார்டைத் தேய்த்து வெளியேறியதும் கண்ணாடிக் கூடாரம் பூட்டிக்கொண்டது. முதலாளி குடும்பம் மூன்று நாள் விடுமுறைக்குக் கொடைக்கானல் போயிருக்கிறது. என் போன் பின்வாசல் டப்பாவில். உள்ளே வரும் ஹெல்பர்கள் அங்கேதான் வைக்கவேண்டும். இந்தப் பலகையிலிருந்து வெளியே செய்தி போகாது.

திங்கள் காலை ஏழு மணிக்குத்தான் அடுத்த ஷிஃப்ட். பசிக்கும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, சனி. காலை 9.40
உள்ளே ஆட்கள்: 0. உயிருள்ள இரை: 0.

பசி மட்டும் இல்லை. பலகையில் வாராந்தர அட்டவணையைப் பார்த்தேன். ஞாயிறு பகல் 12: பூச்சி ஒழிப்பு. கூடாரம் முழுக்கக் கரியமில வாயுவைக் கருவி தானாக நிரப்பும். செடிகளுக்கு ஒன்றும் ஆகாது. அசுவினி, சிலந்தி, எறும்பு எல்லாம் சாகும். தொடங்கிவிட்டால் எட்டு மணி நேரத்துக்குக் கதவு எந்தக் கார்டுக்கும் திறக்காது. நிறுத்த வழியும் இல்லை. தொடங்கும் முன் கருவி கார்டுக் கணக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: உள்ளே ஆட்கள் எத்தனை?

சுவரில் இருக்கும் இன்டர்காம் பெட்டியில் கட்டுப்பாட்டு அறையை அழைத்தேன். பேசியதைப் பலகை பதிவு செய்திருக்கிறது.

"சொல்லுங்க மேடம். கார்டு நம்பர்?"

"கார்டு இல்லண்ணா. நான் ஹெல்பர். உள்ள மாட்டிக்கிட்டேன்."

"சிஸ்டத்துல உள்ள யாருமில்லன்னு காட்டுதே."

"அப்ப உங்ககிட்ட செடியா பேசுது?"

"கோச்சுக்காதீங்க. கார்டு நம்பர் இல்லாம புகார் டிக்கெட் போட முடியாது. உங்க சூப்பர்வைசர கூப்பிடச் சொல்லுங்க."

"அவரு வெளிய இருக்காரு. நான்தான் உள்ள இருக்கேன். போலீசுக்காவது சொல்லுங்கண்ணா."

"சார் வீட்டுக்குப் போலீச அனுப்பிட்டு நான் வேலையில இருக்கவா? தயாளன் நம்பருக்கு அடிக்கிறேன், இருங்க." நீண்ட நேரம் இரைச்சல். "ஸ்விட்ச் ஆஃப். மெசேஜ் போட்டுட்டேன். வேற எதாவது உதவி வேணுங்களா?"

அதற்குப் பிறகு என் அழைப்பை அவர்கள் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 15, சனி. பகல் 1.15
உள்ளே ஆட்கள்: 0. உயிருள்ள இரை: 0.

மண்வெட்டியால் கண்ணாடியை அறுபது தடவை அடித்தேன். காம்பு ஒடிந்தது. கண்ணாடியில் நகக்கீறல் அளவுக்குத் தடம். செடிக்கு ஆபத்து வரக்கூடாது என்று புயலுக்குத் தாங்குகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் போன மழைக்கு நான்கு கூரை போனது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு. பகல் 11.52
உள்ளே ஆட்கள்: 0. உயிருள்ள இரை: 1.

எட்டு நிமிடம் இருக்கும்போது ஞாபகம் வந்தது. குளத்தின் நடுவில் பெரிய குடுவை ஒன்று இருக்கிறது, வாளி அளவு. எலி தின்னும். விருந்தாளிகளுக்குக் காட்டத்தான் முதலாளி அதை வளர்க்கிறார். ஒருமுறை எலி துடித்துக்கொண்டிருந்தபோது வாயு விட்டதில் குடுவை பாதி செரித்ததைக் கக்கிவிட்டது. அன்றைய விருந்து நாறிப்போனது. அதிலிருந்து ஒரு விதி: பெரிய குடுவையில் இரை அசையும் வரை வாயு விடக்கூடாது.

தீனிக்கூண்டில் எலிகள் மூன்று. ஒன்றை உள்ளே போட்டேன்.

பலகை: "இரை அசைகிறது. பூச்சி ஒழிப்பு ஒத்திவைப்பு."

ஒரு எலிக்காக நிறுத்துகிறது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு. மாலை 4.50
உள்ளே ஆட்கள்: 0. உயிருள்ள இரை: 1.

முதல் எலி ஒன்றரை மணி நேரம். இரண்டாவது இரண்டு மணி. மூன்றாவது இப்போது சோர்ந்துவிட்டது. கழியை விட்டு ஆட்டினேன், ஏற்கவில்லை. சூடும் வேண்டும், அசைவும் வேண்டும்.

இந்தக் கருவியில் எனக்கு ஆள் என்ற கட்டம் இல்லை. இரை என்ற கட்டம் இருக்கிறது.

இடது கையை விடுகிறேன். எழுத வலது கை வேண்டும்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு. மாலை 6.05
உள்ளே ஆட்கள்: 0. உயிருள்ள இரை: 1.

முழங்கை வரை உள்ளே. இடுப்பளவு நீரில் நிற்கிறேன். முதலில் எலுமிச்சை பட்ட காயம்போல எரிந்தது. இப்போது எரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இரை துள்ளாமல் இருக்கக் குடுவை நீரில் மரமரப்பு மருந்து சுரக்கும். அந்த மரபணுவைச் சேர்த்த இவர்களுடைய ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவியது நான்தான்.

விரல்களை மடக்கி நீட்டுகிறேன். நீள்கிறதா என்று எனக்குத் தெரியாது. பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 17, திங்கள். காலை 6.20
உள்ளே ஆட்கள்: 0. உயிருள்ள இரை: 1.

தோளிலிருந்து ஆட்டுகிறேன். இன்னும் நாற்பது நிமிடம். நீரில் ஏதோ மெல்லியதாக மிதக்கிறது. பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 17, திங்கள். காலை 7.04
உள்ளே ஆட்கள்: 1. உயிருள்ள இரை: 1.

அந்த ஒன்று நான் இல்லை. தயாளன் அண்ணன் வந்துவிட்டார். நாங்கள் பேசியதைப் பலகை எழுதியிருக்கிறது.

"ஏய் பொற்கலை, செடிக்குள்ள என்னா பண்ற? கைய எடு. சார் திரும்பி வந்து கேமராவுல பாத்தாருன்னா எனக்கு வேலை போயிடும்."

"மெதுவாண்ணா. மூணு நாளா உள்ளயே இருக்கேன்."

"என்னாது? எடுடி கைய. காட்டு." கையை வெளியே எடுத்துக் காட்டினேன். "ஐயோ. இரு, இரு, ஆட்டோ புடிச்சாரேன். இங்கயே இரு."

"அண்ணா, என்னையும் கூட்டிட்டுப் போங்க. கார்ட தேய்க்காதீங்க. அண்ணா."

ஆகஸ்ட் 17, திங்கள். காலை 7.06
உள்ளே ஆட்கள்: 0. உயிருள்ள இரை: 0.
பூச்சி ஒழிப்பு: தொடங்கியது.

பழக்கதோஷத்தில் கார்டைத் தேய்த்து வெளியேறிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கார்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். திறக்கவில்லை.

குடுவைக்குள் மறுபடியும் கையை விட்டேன். தொடங்கியதை நிறுத்தாது.

ஆட்கள் ஒன்று என்று மாற்றப் பார்க்கிறேன். அந்த வரியில் எழுத எனக்கு அனுமதி இல்லையாம். அதனால் இங்கே எழுதுகிறேன். ஒன்று. ஒன்று. ஒன்