எண் மட்டும் போடவும்

பெரியவன் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முதுகு வலி குறைந்ததா? சின்னவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா?

நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் ஞாயிறுதோறும் எங்களுக்கு கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. சிரிக்காதீர்கள், நானும் போகிறேன். கேள்வி கேட்கும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பதிலுக்கு எழுத்தைத் தட்டினால், "எண் மட்டும் போடவும்" என்று அது மறுபடி கேட்க வேண்டும். நான் வைத்த கேள்வி, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்பது. வேறு கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் சோதித்துப் பார்க்கச் சொன்னார். "ரெண்டு பேர், பெரியவன் இப்ப இல்லை" என்று தட்டினேன். எண் மட்டும் போடவும் என்றது. திரும்பவும் அதையே தட்டினேன்.

பக்கத்தில் இருந்த இஸ்திரி போடுகிறவள், "என்னக்கா, அதுகிட்ட போய் கதை சொல்லிக்கிட்டிருக்கே?" என்று சிரித்தாள்.

ஒன்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. இரண்டு போட்டேன், அதையும் ஏற்றுக்கொண்டது.

"இதுல எது சரி டீச்சர்?"

"அது எண்ணா இல்லையான்னுதான்மா பாக்கும். சரியான்னு உங்களுக்குத்தான் தெரியும்."

இங்கே புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எத்தனை பிள்ளைகள் என்றுதான் கேட்கிறார்கள். இதுவரை ஒன்று என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். இனி இரண்டு என்றே சொல்லப் போகிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

பெரியவன் போர்வையைத் துவைக்காமல் அப்படியே அனுப்பி வையுங்கள்.

இரண்டு என்று சொன்னால், பெரியவன் என்ன செய்கிறான் என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது என்று மட்டும் யோசித்து எழுதுங்கள். வேன் வந்து ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.