மூன்றாவது வாயில் படிந்த கரி

தென்காசி
24.1.2026

என் மகள் நஸீபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுகிறேன். அல்லாஹ் கிருபையில் இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அங்கே டாக்டர் படிப்புக்குப் போன பிஷ்கெக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தினமும்தான் வீடியோவில் பார்க்கிறோமே, இது எதற்கு என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல வரவில்லை. நாலு நாள் முயன்று பார்த்தேன், சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். உன் கூடப் படிக்கும் சஃப்ரின் லீவு முடிந்து வியாழக்கிழமை புறப்படுகிறாள், அவளிடம் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்து அனுப்புகிறேன்.

பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து மாமிதான் மத்தியானச் சோறு போட்டுத் தருகிறாள். தட்டை வாங்கப் போனால், "நாப்பத்தோரு வயசெல்லாம் ஒரு வயசாலே, இன்னும் எத்தன நாளைக்கி இப்படி மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கப் போற" என்று ஆரம்பிக்கிறாள். தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறேன். தம்மாம் கம்பெனியில் எப்போது திரும்புகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள், அதற்கு இன்னும் பதில் போடவில்லை. எதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

கார் விஷயம் சொல்ல வந்தேன். விற்க வேண்டாம், அது உம்மா வண்டி என்று நீ சொன்னாய் அல்லவா. போன மாதம் ஐந்தருவி ஏற்றத்தில் ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகி, சூடேறி, என்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. சரி செய்ய முடியாது என்று தெரிந்ததும் மதுரையில் பழைய என்ஜின் ஒன்று பார்த்து எடுத்து வந்தேன். பாண்டிராஜ் மாமாவின் மெக்கானிக் ஷெட்டில் வைத்து நானே மாற்றுகிறேன். வந்த என்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு இல்லை. என்ஜினின் நாலு வாயிலிருந்தும் புகையைச் சேர்த்து சைலன்சருக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் அது. நம் பழைய என்ஜினில் இருந்ததைக் கழற்றித்தான் இதில் மாட்ட வேண்டும். அப்படிக் கழற்றும்போதுதான் பார்த்தேன்.

மூன்றாவது வாய்க்குப் பக்கத்தில், புகை கசியாமல் குழாய்க்கும் என்ஜினுக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கட் எரிந்து போயிருந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு பேஸ்ட், பொரிந்து தூளாகிக் கிடந்தது. அங்கிருந்து கரி ஒரு கோடாகக் கிளம்பி, கார் உள்ளே காற்று இழுக்கும் துவாரம் வரைக்கும் போயிருந்தது. அந்தப் பேஸ்ட்டைப் போட்டவன் நான்தான் மகளே. போன ஜூன் மாதம் லீவு முடிகிற அன்று கசிவைப் பார்த்தேன். மறுநாள் காலை விமானம். புது கேஸ்கட் திருநெல்வேலியிலும் இல்லை, வர மூன்று நாளாகும் என்றார்கள். கையில் இருந்த பேஸ்ட்டைத் தடவி இறுக்கிவிட்டேன். அந்தச் சூட்டுக்கு அது நிற்காது என்று எனக்குத் தெரியும், டிப்ளமோ படித்தவன், பத்தொன்பது வருடம் இதே வேலை பார்ப்பவன். அடுத்த லீவில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உம்மாவிடம், "ஒண்ணும் இல்ல பானு, தைரியமா ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு உம்மா என்னிடம் போனில் சொன்னதையெல்லாம் இப்போது உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிறேன். "காலம்பற ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்குனு சத்தம் வருது மச்சான், கொஞ்ச தூரம் போனா நின்னுருது" என்றாள். நின்னுருதுல்லா, விடு என்றேன். சூடேறினால் இரும்பு விரிந்து இடைவெளி குறையும், சத்தம் நிற்கும், கசிவு இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். இன்னொரு நாள், "குத்தாலம் போயிட்டு வந்தா தல விண்ணு விண்ணுன்னு தெறிக்கி" என்றாள். சாரலில் நனையாதே, தலையை நல்லாத் துவட்டு என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு, "கார் ஓட்டுதவளுக்குத் தல எங்கன நனையும்" என்று கேட்டாள். நானும் சிரித்தேன்.

குத்தாலம் சீசனில் லாட்ஜுகளுக்கு நீங்கள் இரண்டு பேரும்தான் இடியாப்பம் விற்கக் கொண்டுபோனீர்கள். சாரல் அடித்தால் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட வேண்டும், முன்கண்ணாடியில் பனி படியாமல் இருக்க ப்ளோயரைப் போட வேண்டும், அது வெளிக்காற்றைத்தான் உள்ளே இழுக்கும். லாட்ஜ் வாசலில் ஆள் வந்து வாங்கும் வரைக்கும் என்ஜினை நிறுத்தாமல் நின்றிருப்பீர்கள். உன் மடியில் குருமாச் சட்டி. அந்த வாசனையில் புகை வாசம் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

திருநெல்வேலிக்குப் போய், மவுத்தாகும் முன் உம்மாவைப் பார்த்த டாக்டரைத் திரும்பக் கண்டேன். மூளையில் ரத்தக் குழாய் ஒரு இடத்தில் பலூன் மாதிரி வீங்கி இருந்து வெடித்தது, கார் புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை தம்பி என்று பொறுமையாகச் சொன்னார். அப்படியானால் தலைவலி என்று கேட்டேன். புகையாலும் வரும், அந்த வீக்கத்தாலும் முன்கூட்டியே வரலாம், இப்போது எதையும் சொல்ல முடியாது என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். புகையால் வந்தது என்றால் அது நான் போட்ட பேஸ்ட். வீக்கத்தால் வந்தது என்றால், சாரல் தலைவலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் செய்தவனும் நான். இல்லை, இரண்டுமே சேர்ந்து, புகைத் தலைவலி என்று ஒன்று இருந்ததால் மற்றது தெரியாமல் போனதா. எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே வந்து நிற்கிறேன். சரியாக யோசிக்கிறேனா என்றும் தெரியவில்லை.

மேனிபோல்டை லேத்தில் கொடுத்து முகத்தை மட்டமாக்கி வாங்கினேன். ஒரு ஸ்டட் போல்ட் முறிந்தது, அதை எடுத்துப் புதுசு போட்டேன். இரும்புத் தகடு வைத்த புது கேஸ்கட், பேஸ்ட் எதுவும் இல்லை. நடு நட்டிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்சு வைத்து மூன்று தடவையாக இறுக்கினேன். சைலன்சர் வழியாகக் காற்றை ஊதி, சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. மறுநாள் திரும்பவும் கழற்றினேன். இப்படி மூன்று முறை கழற்றி மாட்டிவிட்டேன். பாண்டிராஜ் மாமா, "ஏலே கிதிரு, அந்த நட்டுக்கு வாய் இருந்தா போலீஸ்ல போயி எழுதிக் குடுத்திரும்லே" என்றார். பிறகு, விஷப் புகை வந்தால் அளந்து கத்தும் மீட்டர் ஒன்று வரவழைத்து, கண்ணாடியை ஏற்றி, ப்ளோயரைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மாமா கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "கூறுகெட்டவனே, அங்கன ஒரு பிள்ள படிச்சிக்கிட்டு இருக்கது ஞாவகம் இருக்கா ஒனக்கு" என்று கத்தினார். சோதிக்கத்தான் உட்கார்ந்தேன், வேறு எதற்கும் இல்லை, நீ அப்படி நினைக்காதே. மீட்டர் பூஜ்யம் காட்டியது. இந்த என்ஜினுக்குத்தான் பூஜ்யம். போன சீசனைப் பற்றி அதற்கு என்ன தெரியும்.

ஆகையால் உன்னிடம் கேட்கிறேன், கூட இருந்தவள் நீ ஒருத்திதான். கார் எடுக்காத நாட்களில், வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இருக்கும்போது, உம்மா தலை வலிக்கிறது என்று படுத்தாளா? நன்றாக நினைத்துப் பார்த்து எழுது. என்னைத் தேற்றுவதற்காக ஒன்றும் எழுதாதே, படிக்கிற புத்தகத்தைப் பார்த்தும் எழுதாதே. எந்தப் பதில் வர வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன். நீயும் அதே காரில், அதே முன்சீட்டில், அவள் பக்கத்தில்தான் இருந்தாய். உனக்குத் தலை வலித்ததா மகளே என்று உம்மா போன இந்த ஐந்து மாதத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது. அதை முதலில் எழுது, உம்மா விஷயம் பிறகு இருக்கட்டும்.

நீங்கள் நாலு பேர் இருக்கும் அந்த வாடகை வீட்டில் நிலக்கரி அடுப்பு எரிக்கிறோம், குளிர் வராமல் ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டியிருக்கிறோம் என்று காட்டினாயே. நான் அதையும் பார்த்து, நல்லதும்மா என்றுதான் சொன்னேன். பார்சலில் அந்த மீட்டரை வைத்திருக்கிறேன், புது பேட்டரி போட்டிருக்கிறது, இங்கே அது பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டது. படுக்கைக்குப் பக்கத்தில் வை. அது கத்தினால் போர்வையைத் தேடாதே, மற்ற பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடு. கத்தவில்லை என்றாலும், இதை வாசித்து முடித்ததும் எழுந்து போய் ஒரு ஜன்னல் டேப்பை உரித்துவிடு. குளிரட்டும், பரவாயில்லை. மாமி கொடுத்த கம்பளி சாக்ஸ் அடியில் இருக்கிறது.

அல்லாஹ் உன் படிப்பையும் உடம்பையும் பத்திரமாக வைத்திருப்பானாக. உன் பதில் வரும் வரைக்கும் வண்டி ஷெட்டிலேயே நிற்கும்.

உன் வாப்பா,
கிதிர் முகம்மது