பக்கத்தில் மாட்டிய படம்

ஆடி 1, வியாழன்

சிட்டு, காற்று வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து மண்ணை வாரி இறைக்கிறது. மியூசியம் முன் வராந்தாவைக் கூட்டி முடித்துத் திரும்பினால் மறுபடி மண். நீயாக இருந்தால் காற்றை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பாய். நான் பேசாமல் கூட்டினேன். வாயைத் திறந்தால் அதிலும் மண்.

பினாயில் இல்லை. சொல்லணும். கோடையில் படம் வரைய வந்த பிள்ளைகள் கொட்டிய நீலச் சாயம் பெரிய ஹால் மூலையில் இன்னும் போகவில்லை.

ஆடிக் கண்காட்சி வேலை ஆரம்பம். இங்கேதான் பருவத்துக்கு ஒன்று உண்டே. கோடையில் பிள்ளைகள், ஆடியில் பெரிய கண்காட்சி, புரட்டாசியில் பொம்மை, மார்கழியில் கோலம். இந்த ஆடிக்குப் பேர் ‘தாயும் மகளும்’. மேடம் எங்களையெல்லாம் நிற்கவைத்துச் சொன்னார். மீன் விற்கிற அம்மா, அவள் மகள். டீச்சர் அம்மா, அவர் மகள். ஊர்க்காரர்கள் படம், ஜோடி ஜோடியாக. போன வருஷம் உன்னை வரைந்த தாடிக்கார ஓவியர்தான் இந்தத் தடவையும்.

பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, உங்க தங்கச்சி படத்தையும் வெளியே எடுக்கிறோம் பவுனு, சரிதானே என்றார். தலையாட்டிவிட்டேன். மேடம் கேட்டால் என் தலை என்னைக் கேட்காமல் ஆடும்.

உன் படம் ஸ்டோர் ரூமில், துணி சுற்றி. அந்த ரூமை மட்டும் நான் கூட்டுவதில்லை. ஹனீபா பாய் கூட்டிவிடுவார். வாட்ச்மேன் வேலையில் அது சேராது. கேட்காமலே செய்கிறார்.

உனக்கு ஜோடி யார் என்று அங்கே நிற்கும்போது தோன்றவில்லை. பஸ் சத்திரம் ஸ்டாண்டு வந்து சேரும்போதுதான் தோன்றியது. தாயும் மகளும் என்றால், உன் மகள் அபிதானே.

ஆடி 3, சனி

அபியைக் கேட்டேன். ஒத்துக்கொண்டாள்.

லீவில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று போனதெல்லாம் கிளாஸ் இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஓவியர் குடியிருக்கும் மாடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர் சம்சாரமும் கூடவே இருந்தாராம், காபி கொடுத்தாராம். படம் முடிந்தே போச்சு.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குக் கத்த வராது. எனக்கும் சேர்த்துக் கத்தியவள் நீ.

“அந்தச் செவுத்துல உன் படம் வேணாண்டி.”

“ஏன் பெரியம்மா? அம்மாவ அங்கதானே மாட்டியிருந்தாங்க?”

“அதான் வேணாங்கறேன்.”

சிரித்தாள். அப்புறம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “நான் பெருசானப்புறம் அம்மாவும் நானும் ஒண்ணா எடுத்த போட்டோ ஒண்ணுகூட இல்ல பெரியம்மா. ஒரு தடவையாவது அம்மா பக்கத்துல நான் இருக்கணும்.”

அம்மா பக்கத்தில். அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஆடியை எழுதிப் பார்க்கிறேன். மனசிலேயே வைத்திருந்தால் பெரிதாகிக்கொண்டே போகிறது. மியூசியத்தில் வேலை பார்க்கிறவர்களை வரைந்து மாட்டினார்கள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மகாராணி மாதிரி நீ. என்னையும் கேட்டார்கள். பல் பிடுங்கிக் கன்னம் வீங்கியிருந்தது, மாட்டேன் என்றேன். திறப்பு விழாவுக்கு வர வேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. அவருக்கு வாங்கிய ரோஜா மாலை மிச்சம். வாடிவிடும், இந்தப் படத்துக்குப் போடுங்கள் என்று மேடம் சொன்னார். வாசலுக்கு நேரே இருந்தது உன் படம். மேடம் வடக்கே வளர்ந்தவர். அவருக்கு அது அலங்காரம்.

உசிரோடு இருப்பவர் படத்துக்கு இங்கே மாலை போடமாட்டார்கள் என்று ஹனீபா பாய் மெதுவாகச் சொன்னார். அதற்குள் பூக்காரன் போட்டுவிட்டான். நீ போய்ப் படத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். “விடுங்க பாய். செத்தா தனியா படம் தேடி அலைய வேணாம்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அந்த ஆடி முடியக்கூட இல்லை. காய்ச்சல், பெரியாஸ்பத்திரி, அப்புறம் ஓயாமாரி சுடுகாடு.

எழுதினால் சின்னதாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஆடி 5, திங்கள்

மியூசியம் லீவு. சமயபுரம் போனேன். கூட்டம் சொல்ல முடியாது. மஞ்சள் சேலையாக ரோடெல்லாம். அபி பேருக்கு அர்ச்சனை. நட்சத்திரம் கேட்டார்கள், மறந்துவிட்டது. உன் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன். வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. செத்தவள் நட்சத்திரத்தையா சொல்வார்கள்? திரும்பப் போய் வரிசையில் நின்றேன். இரண்டாவது தடவை, நட்சத்திரம் தெரியாது, பேருக்கு மட்டும் பண்ணுங்கள் என்றேன்.

வரும்போது வாங்கியது: எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிறு, அரைக் கிலோ தக்காளி.

கயிற்றை அபி கையில் கட்டிவிட்டேன். காலேஜில் கிண்டல் பண்ணுவாங்க என்று சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டாள்.

அவள் அப்பன் திருப்பூர் போனதோடு சரி. எனக்கும் பிள்ளை இல்லை. இருப்பது இவள் ஒருத்தி. இதை யாரிடம் சொல்ல, உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஆடி 6, செவ்வாய்

மேடத்திடம் பேசிவிட்டேன். டீ கொடுக்கப் போகிற சாக்கில். அபி படம் வேண்டாம் மேடம் என்றேன். ஏன் என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. போன வருஷம் அவர் சொல்லிப் போட்ட மாலை என்பது அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கோபப்படவில்லை. நல்ல மனுஷிதான். அழைப்பிதழில் அந்த இரண்டு படமும்தான் முன்பக்கம், அச்சாகிவிட்டது என்று காட்டினார். அபியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள், பெரிய பெண், நான் எப்படி எடுக்க முடியும் என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் ஒன்று கேட்டேன். மாட்டித்தான் ஆகணும் என்றால் சிட்டுக்கு மட்டும் மாலை. முறைப்படி. அபி படத்தில் ஒரு இதழ்கூடப் படக்கூடாது.

“நானே பாத்துக்கறேன் பவுனு. ப்ராமிஸ்.”

வெளியே வந்தபோது மனசு கொஞ்சம் லேசு. செத்தவளுக்கு மாலை, இருக்கிறவளுக்கு இல்லை. பார்க்கிறவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். அப்படித்தான் நினைத்தேன்.

ஆடி 8, வியாழன்

இன்று மாட்டினார்கள். பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். சுவரில் துளை போடும்போது கரண்ட் போய்விட்டது. ஹால் முழுக்க இருட்டு. காற்றுச் சத்தம் மட்டும். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கரண்ட் வந்து, துணியை எடுத்தார்கள்.

சிட்டு, அபி உன் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த மாம்பழ நிறச் சுங்குடி. பெட்டியிலிருந்து எப்போது எடுத்தாள் என்றே தெரியாது. உன் மூக்குத்தி. உன்னை மாதிரியே நடு வகிடு. நெற்றியில் பெரிய பொட்டு. அவள் வீட்டில் பொட்டே வைப்பதில்லை. ஓவியர் அவளை வரைந்தாரா, உன்னைச் சின்ன வயசாக்கி வரைந்தாரா?

உன் படம் நேரே பார்க்கிறது. அவள் படம் உன்னைப் பார்க்கிறது. கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவேன் என்கிற மாதிரி.

எப்படிம்மா இருக்கு என்று ஓவியர் வந்து கேட்டார். நல்லா இருக்கு சார் என்றேன். உண்மையிலேயே நல்லா இருக்கிறது. அதுதான் பயம்.

போகும்போது பாய் கேட்டார்.

“என்ன பவுனம்மா, மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?”

“உங்களுக்குத் தெரியாதா பாய்?”

“தெரியும். எல்லாம் அல்லா கையில. ஆனா நாளைக்கு நான் இந்தச் செவுரு பக்கந்தான் நிப்பேன்.”

ஆடி 9, வெள்ளி

திறப்பு விழா. வாழைமரம், மேளம், காபி, கொண்டைக்கடலைச் சுண்டல். நான் துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அபி படத்துச் சட்டத்தைத் துடைக்கிற மாதிரி நின்றேன். காலையிலிருந்து துடைத்தேன். அந்தச் சட்டத்தில் இனிமேல் தூசு என்பதே வராது.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உனக்குச் சம்பங்கி மாலை போட்டார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கும் இந்த வருஷம் சுலபமாக இருந்திருக்காது.

அப்புறம் பூக்காரன் இன்னொரு மாலையோடு வந்தான். “அக்கா, ஒண்ணு கூட வந்துருச்சு. பக்கத்துப் பாப்பாவுக்கும் போட்டுடவா? செவுரு நெறைஞ்ச மாதிரி இருக்கும்.”

அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். நகம் பட்டிருக்கும். பயந்துபோனான். பாய் அதை வாங்கிக்கொண்டு போய் வாசல் கேட்டில் சுற்றினார். இந்த கேட்டு செத்தா வேற வாங்கிக்கலாம், ரொம்ப நாளா துருப்பிடிச்சுதான் கெடக்கு என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சு.

அபி சிநேகிதிகளோடு வந்தாள். இரண்டு படத்துக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். “இப்ப சந்தோஷமா பெரியம்மா?” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்தேன்.

ஆடி 11, ஞாயிறு

எங்கிருந்து எழுத?

தொட்டியம் பக்கத்திலிருந்து மகளிர் குழு, ஒரு வேன் நிறைய. மேடம்தான் அழைத்திருந்தார், பெண்கள் இன்று டிக்கெட் வாங்க வேண்டாம். வாழைத்தோட்ட வேலைக்காரப் பெண்கள். காலையில் சமயபுரம் முடித்து, ரங்கநாதரைச் சேவித்து, கடைசியாக இங்கே. எல்லாருக்கும் மஞ்சள் சேலை, தலை நிறையப் பூ.

நான் பாத்ரூம் கழுவிக்கொண்டிருந்தேன். பாய் சாப்பிடப் போயிருந்தார். ஹாலில் திடீரென்று பேச்சுச் சத்தம் நின்றது. அந்த அமைதி பிடிக்காமல் துடைப்பத்தோடு ஓடிவந்தேன்.

உன் முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். கை கூப்பி. உனக்கு முன்னால் மட்டும் இல்லை. மாலையைப் பார்த்து நீ செத்தவள் என்று தெரிந்துகொண்டார்கள். பக்கத்தில் அதே சாயல், உன்னையே பார்த்தபடி, பெரிய பொட்டும் சேலையுமாக ஒரு பெண். இரண்டு பேரும் சேர்ந்தே போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்கள். மாலை இல்லையே, இந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் ஒரு பூ வைக்கவில்லையே என்று பரிதாபம்.

என் வயசுக்காரி ஒருத்தி தன் தலையிலிருந்த மல்லிகையை எடுத்து அபி படத்துச் சட்டத்தில் செருகினாள். சமயபுரத்துக் குங்குமத்தை எடுத்து, கண்ணாடிமேல் நெற்றிக்கு நேரே அழுத்தி வைத்தாள். இன்னொருத்தியும் பூ வைத்தாள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி.

அருகில் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

“பாவம். இந்தப் புள்ள எப்பம்மா போச்சு?”

துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“எம் மவ இருந்தா இந்த வயசுதான்” என்றாள். கண்ணில் தண்ணீர். அவளை எப்படித் திட்டுவேன், சிட்டு? அவள் கும்பிட்டது அவள் மகளை.

அப்போதுதான் பார்த்தேன். அபி பின்னால் நிற்கிறாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள். சுடிதார், கண்ணாடி, தூக்கிக் கட்டிய முடி. அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்கிறாள். முகம் முதலில் வெளுத்தது. அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நல்லா கும்பிட்டுக்கங்கக்கா. அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு.”

சிட்டு, நீ பெற்றதுதான் இது. வேறு யாருக்கு இந்த வாய் வரும்?

வேன் கிளம்பியதும் குங்குமத்தைத் துடைத்தேன். கண்ணாடிமேல்தான், வந்துவிட்டது. பூவை எடுத்தேன். பாய் வந்து பார்த்தார். என் கையிலிருந்ததையும் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார்.

மேடத்திடம் போய், படத்தை இப்போதே இறக்குங்கள் என்றேன். நாளைக்கு லீவு, செவ்வாய்க்கிழமை பேசலாம் பவுனு என்றார். நான் குரலை உயர்த்தினேன். முதல் தடவையாக. ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் பாயைக் கூப்பிட்டார். பாயே ஏணி போட்டு இறக்கி, ஸ்டோர் ரூமில் சுவரைப் பார்த்துச் சாய்த்து வைத்தார்.

சுவரில் இப்போது நீ மட்டும். பக்கத்தில் ஆணி.

அபி பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. படத்தை எடுத்ததில் கோபம். பாலம் தாண்டும்போது காவிரியில் தண்ணீர் கரைதொட்டுப் போனது. ஜன்னலைச் சாத்துங்க பெரியம்மா, காத்து ஜில்லுன்னு அடிக்குது என்றாள். அது ஒன்றுதான் பேசினாள். எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

ஆடி 12, திங்கள்

காற்று நிற்கவில்லை. அபி எழுந்திருக்கவில்லை. நெற்றியைத் தொட்டேன். சுடுகிறது. மாத்திரை கொடுத்தேன், ரசம் வைத்தேன். இரண்டு வாய்.

தெரு முனை டாக்டர் பார்த்தார். சீசன் காய்ச்சல், ஊரெல்லாம் இருக்கு, பயப்படாதீங்க என்றார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் சொல்வார்களாம்.

எப்போதிலிருந்துடி குளிருது என்று கேட்டேன். நேற்று சாயங்காலம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, இல்லை, சனிக்கிழமையே லேசாக உடம்பு வலி இருந்தது, சொன்னால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்றாள். சனிக்கிழமை என்றால் அந்தப் பூ வைப்பதற்கு முந்தைய நாள். அப்படியானால் பூவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. மறுபடி கேட்டேன். சரியா ஞாபகம் இல்ல பெரியம்மா, தூங்க விடுங்க என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவள் தலைமாட்டில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூச்சு வருகிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சிட்டு, ஒன்றே ஒன்று சொல்லு. போன வருஷம் உன் படத்துக்கு அந்த மாலையைப் போடும்போது, உனக்கு ஏற்கெனவே உடம்பு சுட ஆரம்பித்திருந்ததா, இல்லை அதுக்கு அப்புறம்தானா?