வாசலைக் கண்டுபிடித்தவள் நீ

இன்று காலை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி, "அக்கா, இந்த ப்ரோகிராம்ல ஒரு ஃபங்ஷனுக்கு வாசல்னு பேர் வச்சிருக்கே, யார் எழுதினது?" என்று கேட்டாள். ஆங்கில எழுத்தில் நீ தட்டிய சொல். சுற்றிலும் ஆயிரம் வரி மாறிவிட்டது, அது மட்டும் அப்படியே இருக்கிறது. "என் ஃப்ரெண்டு எழுதினது" என்றேன். அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு சித்தன்னவாசல் குகையைக் கம்ப்யூட்டரில் படமாக எழுப்புவோம் என்று நீதான் சொன்னாய். நீ திருமயத்திலிருந்து வருவாய், நான் கீரனூரிலிருந்து. அளவு நாடாவும் கேமராவுமாகப் போய் நின்ற நம்மைப் பார்த்து, "என்னம்மா, வீடு கட்டப் போறீங்களா?" என்று காவலர் சிரித்தார்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரை அனுப்பி, அது எங்கெங்கே பட்டுத் தெறித்து எந்த இடத்தில் வெளிச்சத்தைச் சந்திக்கிறது என்று பின்தொடர்வதுதான் ரே டிரேசிங். வெட்டவெளியில் எந்தப் பக்கம் போனாலும் வானம் கிடைத்துவிடும். அந்தக் குகையின் உள்ளறைக்கோ வெளிச்சம் வர ஒரே வாசல். நாம் அனுப்பியவற்றில் பெரும்பாலான கதிர்கள் சுவரிலேயே முட்டி முட்டி வீணாயின. காலையில் ஓடவிட்டால் காலேஜ் பஸ் கிளம்பும் நேரத்துக்கு, ரவையை அள்ளி இறைத்ததுபோல ஒரு படம் வரும். நான் நல்ல கம்ப்யூட்டர் கேட்டு லேப் சாரிடம் நடையாய் நடந்தேன். நீ மறுபடியும் குகைக்குப் போகலாம் என்றாய். உள்ளறையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏன்டி, வெளிச்சம் வர்றது அந்த ஒரு வழிதானே? கதிரு எதுக்கு எல்லாப் பக்கமும் திரியணும்? அங்கிட்டே கூடுதலா அனுப்பு."

"அப்படி அனுப்பினா படம் வெளுத்துப் போயிடாதா?"

"எவ்வளவு கூட அனுப்புறியோ, அந்த அளவுக்கு ஒவ்வொண்ணோட எடையையும் கொறைச்சுக்க. கணக்கு நேராயிரும்."

மறுநாள் அதே பழைய கம்ப்யூட்டரில், நாம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் படம் வந்துவிட்டது. கூரை ஓவியம் புள்ளியில்லாமல் தெரிந்தது. நான்தான் கத்தினேன். நீ ஒரு மூலையைக் காட்டி, "இங்க இன்னும் கொஞ்சம் அழுக்கா இருக்குல்ல" என்றாய்.

உன் அப்பா படுக்கையில் விழுந்ததால் நீ ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் ஆனாய். நான் சென்னைக்கு வந்தேன். கட்டாத வீடுகளைக் கட்டியதுபோலப் படமாகக் காட்டும் கம்பெனி. அறைக்குள் அறையாகப் போகும் வீடுகளில் கதிர்கள் வழி தெரியாமல் திணறின. நம் ப்ராஜெக்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரே அறை என்றால் வேலை செய்தது, பல அறை என்றால் தடுமாறியது. அந்த ப்ரோகிராமை உனக்கு அனுப்பினேன். பள்ளியின் மதிய இடைவேளைகளில் போனிலேயே நீ அதைச் சரிசெய்தாய். எந்த இடத்தில் நின்றால் எந்த வாசல் வெளிச்சத்தில் போய் முடியும் என்று முதலிலேயே குறித்துவைத்துக்கொள்ளும் யோசனை முழுக்க உன்னுடையது.

ஆபீஸ் முழுவதற்கும் அதை விளக்கச் சொன்னார்கள். முதல் ஸ்லைடில் நம் இருவர் பெயரும் போட்டிருந்தேன். அதை நீ நம்ப வேண்டும். முந்தின நாள் மேனேஜர் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டாவது பேர் யாரு?" என்றார்.

"கூடப் படிச்சவ சார்."

"நம்ம கம்பெனி ப்ரோகிராமை வெளியே அனுப்பினியா?"

"இல்ல சார்" என்றேன். அவர் உன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. நானே எடுத்தேன்.

நான் பேசியதைக் கம்பெனி இணையத்தில் வீடியோவாகப் போட்டது. அதை நீ பார்த்தாய். மறுநாளே கூப்பிட்டாய். "நல்லாப் பேசினடி. அந்தச் சமையக்கட்டுப் படம் மட்டும் கொஞ்சம் இருட்டா இருக்கு. எடை சரியாப் போட்டியான்னு பாரு." அவ்வளவுதான். நீ கேட்டிருந்தால் சொல்வதற்கு நான் பத்துக் காரணம் வைத்திருந்தேன். நீ கேட்கவில்லை. அதன்பிறகு உன் அழைப்புகளை, வேலை இருப்பதாகச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தவிர்த்தேன். கடைசியில் வந்தது உன் தம்பியின் குரல். மூன்று நாள் காய்ச்சலாம்.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்து, துக்கத்துக்கு வந்திருந்த பெண்களிடம் அழைத்துப் போனார்.

"வா ஆத்தா. எங்க மக சொல்லுவாளே, அந்தப் புள்ள இதுதான். ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிச்சதை மெட்ராஸுல எல்லாருக்கும் காட்டுச்சாம். அதுல ரெண்டு பேரு பேரும் போட்டிருந்துச்சாம். எம் மக அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவா."

நீ வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா" என்றேன்.

இன்று மதியம் மேனேஜரின் அறைக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். ப்ரோகிராமை வெளியே அனுப்பியதற்கு எச்சரிக்கைக் கடிதம் வருமாம், வரட்டும். உன் பெயரை அந்த வேலையின் எல்லா ஆவணங்களிலும் முதலில் போடச் சம்மதித்தார். சாயங்காலமே போட்டுவிட்டார்கள். பார்த்தேன், எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது.

உன் அம்மாவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என்ன சொல்வது? "இப்போதுதான் பெயர் போட்டேன்" என்றால், இத்தனை நாள் இல்லை என்று ஆகிவிடும். எனக்காக நீ சொன்ன பொய்யை, நீயே இல்லாதபோது உன் அம்மாவிடம் நான் உடைக்க வேண்டியிருக்கும். போனை வைத்துவிட்டேன். அவருக்கு நான் இன்னமும் உன் நல்ல சிநேகிதிதான்.