வலப்பக்கச் சுவர்

அன்புள்ள அக்கா,

கண்காட்சி நேற்று திறந்தாயிற்று. இடப்பக்கச் சுவரில் என் மெல்லிய கோடுகள். வலப்பக்கம் என் வீட்டுக்காரர் பெயரில், சிவப்பும் கறுப்புமாகப் பெரிய பெரிய படங்கள். "ஒரே வீட்ல இவ்வளவு வித்தியாசமான ரெண்டு கையா!" என்று வந்தவர்கள் வியந்தார்கள்.

இவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. இரண்டு சுவரிலும் இருப்பவை நான் வரைந்தவை என்பது, எங்களைத் தவிர உனக்கு மட்டும்தான் தெரியும்.

"உங்களுது அழகா இருக்கும்மா, ஆனா சாரோட துணிச்சல் இல்ல" என்றார் கண்காட்சிக் கூடத்தின் உரிமையாளர். பிறகு இவரிடம், "அடுத்த வருஷம் உங்க படம் மட்டும் நாப்பது வைக்கலாம் சார்" என்றார். இவர் என்னைப் பார்க்காமலேயே தலையாட்டினார்.

யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, இன்று இவர் என்னை உள்ளே விட்டு, நான் வரையும் அறையை வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார். நாற்பதில் முதல் படத்தைத் தொடங்கிவிட்டேன்.

என் பெயருக்கு மட்டும் அந்தத் துணிச்சல் ஏன் வரமாட்டேன் என்கிறது, அக்கா?

உன் தங்கை