வீட்டுச் சமையலில் விருந்தாளிகள் சேர்த்தியா?

ஆடி 3. குற்றாலம்.
விடாத சாரல். ஜட்காவில் தென்காசிப் பள்ளிக்கூடம் போய்வருவதற்குள் முதுகெல்லாம் ஈரம். பூகோளப் புத்தகம் நமுத்துவிட்டது.

சீசனுக்கு எடுத்த வீட்டில் நாங்கள் நான்கு பேர். மதுரை, தூத்துக்குடி உறவெல்லாம் வந்து இப்போது பதினாறு. அருவியில் குளியல், வந்ததும் அகோரப் பசி. மறுபடி குளியல், மறுபடி பசி.

மத்தியானம், சமையலுக்கு வைத்திருக்கும் தவசுப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "வக்கீலய்யா, வீட்டுச் சமையல்னுல்லா பேசினீக? இது கலியாணச் சமையலு. நான் ஊருக்குப் போயிருதேன்."

அப்பா எல்லோர் முன்னாலும், "இரும்வே! இந்த மாசம் மூணு ரூவா கூடத் தாரேன்."

பிள்ளை முகத்தில் சிரிப்பு. அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். உடனே ஓலைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆடி 31.
விருந்தாளிகள் போயாயிற்று. என் சீப்பும் அவர்களோடு.

சம்பள நாள். அப்பா பழைய சம்பளம் மட்டும் கொடுத்தார். "சமைக்கத்தானேவே வந்தீரு? சமைச்சீரு. புதுசா என்ன செஞ்சீரு?"

ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைக்குக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னால் சட்டப்படி செல்லாதாம். 'கன்ஸிடரேஷன்' இல்லையாம். அதாவது, பதிலுக்குப் புதிதாக எதுவும் வரவில்லை.

பிள்ளை அம்மாவிடம், "நாளைக்கு ஓலைக்காரன் வந்து நிப்பானே." அம்மா, "நான் என்ன செய்ய? அவுககிட்டப் பேசி நான் எப்ப ஜெயிச்சேன்?"

ஆவணி 1. சனி.
காலையிலிருந்து அப்பாவின் ஒப்பந்தச் சட்டப் புத்தகம். இங்கிலீஷ் கருங்கல் மாதிரி. தலைவலி. ஆனால் பிடித்துவிட்டேன்!

"பேசியது வீட்டுச் சமையல். விருந்தாளிகள் வீட்டில் சேர்த்தியா அப்பா? மீதிப் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தது புது வேலை. அதுதான் கன்ஸிடரேஷன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "ஏட்டி, சரியாத்தான சொல்லுத!"

ஜெயித்தேன் என்று நினைத்தேன். எதிர்வீட்டு வக்கீல் மாமாவைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். மாமா, "இவ ஜட்ஜாத்தான் வருவா, பாரும்!" கைதட்டல். சாயங்காலம் மாமா இன்னும் இரண்டு பேரோடு வந்தார். மறுபடி. கிளிப்பிள்ளையா நான்? பணப்பையை மட்டும் யாரும் தொடக் காணோம்.

காப்பி கொண்டுவந்த பிள்ளை முழுவதும் நின்று கேட்டார். "பாப்பா, அப்ப அந்த மூணு ரூவா எனக்கு உண்டா?"

அப்பா, "ஏட்டி, அந்த விருந்தாளி பாயிண்ட்டை இன்னொரு தடவை சொல்லு. பிள்ளையும் நல்லாக் கேக்கட்டும்."

"கன்ஸிடரேஷன் இல்லாம இனிமே சொல்ல மாட்டேன். மூணு ரூவா. பிள்ளை கையில."

மாமா இருமினார். அப்பா பணப்பையைத் தேடி உள்ளே போனார். இன்னும் தேடுகிறார். பிள்ளை வாசலிலேயே நிற்கிறார். நானும்.